நாற்பது பேர், ஒரு சனிக்கிழமை: எந்தக் குழுவுக்கு எந்த வேலை?

போன மாதம் என் சித்தி மகள் போன் செய்தாள். நெல்லை பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஹெச்ஆர் பிரிவில் இருக்கிறாள். "அண்ணே, எங்க கம்பெனியில நாப்பது பேரு வாலன்டியரா வாறோம்னு பேரு குடுத்திருக்காவ. ஒரு சனிக்கிழமை ஒதுக்கித் தந்திருக்காவ. எங்கன கூட்டிட்டுப் போகட்டும்? ஆத்தைச் சுத்தம் பண்ணவா, மரம் நடவா, ஸ்கூலுக்கா? நீங்க ஒண்ணைச் சொல்லுங்க, பஸ் பிடிச்சிருதேன்."

உடனே ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ரெண்டு நாள் பொறு என்றேன். நான் ஆட்களை அனுப்பி வைக்கிற இடத்தில் இருப்பவன் இல்லை, வருகிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில் இருப்பவன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன டிரஸ்டில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பளத்துக்கு இருப்பது நான்கு பேர். கம்பெனிக் குழு வந்துபோன சனிக்கிழமைகளில் மனம் நிறைந்து வீட்டுக்குப் போனதும் உண்டு. திங்கட்கிழமை அலுவலகத்தைத் திறக்கும்போது, அவர்கள் வராமலே இருந்திருந்தால் நம் வேலையாவது நடந்திருக்குமே என்று நினைத்ததும் உண்டு. வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வேலையும் ஆளும் பொருந்தியதா என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு குழுவை வரவேற்க எங்களுக்கு என்ன செலவாகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை யாரும் கேட்பதில்லை, நாங்களும் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. நாற்பது பேர் ஒரு நாள் வருகிறார்கள் என்றால் எங்கள் நான்கு பேரில் இரண்டு பேருக்கு முந்தின வாரம் முழுக்க அதே வேலை. இடம் பார்க்க வேண்டும், ஊராட்சித் தலைவரிடம் சொல்ல வேண்டும், மண்வெட்டி, கையுறை, குடிதண்ணீர், சாப்பாடு, பெண்களுக்குக் கழிப்பறை, வெயில் ஏறினால் ஒதுங்க நிழல் எல்லாம் பார்க்க வேண்டும். அந்த வாரம் நாங்கள் போக வேண்டிய மூன்று கிராமங்களுக்குப் போக முடியாது. அதற்கு ஈடாக அந்த ஒரு நாளில் ஏதாவது நடந்தாக வேண்டும்.

அவள் கேட்ட மூன்றையும், அவள் கேட்காத சிலவற்றையும் சேர்த்து யோசித்தேன்.

ஒரு நாள் வேலை என்றால், எந்த மாதம்?

ஒரு நாள் வேலையில் 'என்ன செய்யலாம்' என்று கேட்பதற்கு முன்னால் 'எந்த மாதம்' என்று கேட்க வேண்டும். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். அந்த வாரத்தில் மரக்கன்று நட இடம் கேட்டு போன் வராத வருடமே இல்லை. ஆனால் நம் சமவெளிக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் தென்மேற்கு மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடும். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் சாரல் கிடைக்கும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வருவது காற்றுதான். அத்தனை காற்றாலைகள் அங்கே சும்மாவா நிற்கின்றன? அந்தக் காற்றிலும் வெயிலிலும் ஒரு அடிக் கன்றை நட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டால், அக்டோபர் வரை அதற்கு யார் குடம் தூக்குவது? நூறுநாள் வேலைக்கு வருகிற பெண்கள்தான் தூக்குவார்கள், அல்லது கன்று காய்ந்துவிடும். ஜூனில் நடத்தான் வேண்டும் என்று ஒரு கம்பெனி பிடிவாதமாக இருந்தால், நான்கு மாதத் தண்ணீருக்கும் ஒரு ஆளின் கூலிக்கும் அவர்களே பணம் ஒதுக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டால் தாராளமாக நடலாம்.

கன்றை விட எனக்குப் பிடித்தது பனை விதை. ஆடி, ஆவணியில் பழம் விழும், பொறுக்கிச் சேர்த்து வைத்தால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஊன்றலாம். குளத்துக் கரையில் பத்தடிக்கு ஒன்று. தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி வேண்டாம், ஆடு மேயும் பயமும் ஆரம்பத்தில் இல்லை. நாற்பது பேர் என்ன, நூறு பேர் வந்தாலும் எல்லோருக்கும் வேலை இருக்கும். குழந்தைகளையும் கூட்டி வரலாம். பனை நம் மாநில மரம் என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டாம், நாங்குநேரி, திசையன்விளை பக்கத்துக்காரர்களுக்கு அது வீட்டு ஆள் மாதிரி.

ஆனால் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பனை விதை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்கிற பனங்கிழங்கு அதுதானே. இலை மண்ணுக்கு மேலே தலைகாட்ட மாதக்கணக்கில் ஆகும். ஒரு குழு ஒரு மாதம் கழித்து வளர்ச்சிப் படம் கேட்டது. வெறும் மண்ணைத்தான் படம் எடுத்து அனுப்ப முடிந்தது. அந்தக் குழுவில் இருந்த ஒரு பையன் நம்பாமல் அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு குழியைக் கையால் கிளறினான். வெள்ளை வெளேரென்று விரல் தடிமனில் ஒரு முளை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மூடிவிட்டு மண்ணைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். பதனீர் இறக்க இன்னும் பதினைந்து, இருபது வருடம் ஆகும். வருடாந்திர அறிக்கையில் போடப் படம் வேண்டும் என்கிற கம்பெனிக்கு இது பொருந்தாது. படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற கம்பெனிக்கு இதைவிட நல்ல ஒரு நாள் வேலை எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஆறு. தாமிரபரணியைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று சொல்லும்போதே எல்லோருக்கும் உடம்பு சிலிர்க்கும். எனக்கும்தான். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் கொடுக்கிற ஆறு. ஆனால் ஆற்று வேலை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று குளிப்பவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆடி அமாவாசை முடிந்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும். வேட்டி பாறை இடுக்கில் சிக்கி, உள்ளே மணல் நிறைந்து மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒருவர் பாறையில் காலை ஊன்றி இழுக்க வேண்டும், இன்னொருவர் தண்ணீருக்குள் கையை விட்டு மணலைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். சேலை என்றால் இரண்டு மூன்று சேர்ந்து கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். என்ன நிறம் என்றே தெரியாது, பாசி பிடித்து ஒரே பழுப்பு. கரையில் போட்டால் அரை மணி நேரத்தில் நாற்றம் எடுக்கும். காலையில் உற்சாகமாக இறங்கிய இருபது பேரில் பத்து மணிக்கு மேல் தண்ணீருக்குள் இருப்பவர்கள் ஆறேழு பேர்தான். மீதிப் பேர் கரையில் குவிப்பார்கள், படம் எடுப்பார்கள்.

அதனால் ஆற்றுக்கு நாற்பது பேரை நான் கூப்பிடமாட்டேன். பதினைந்து பேர் போதும். அதில் பாதிப் பேருக்காவது நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். அணையில் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். எடுத்த துணியை அன்றைக்கே அள்ளிக்கொண்டு போக நகராட்சி வண்டி வர வேண்டும். வண்டி உறுதியாகாமல் தேதி வைக்கவே கூடாது. அடுத்த அமாவாசைக்குத் துணி மறுபடி சேரும் என்பதும் உண்மைதான். எடுத்த துணி எடுத்ததுதான், நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே பதினைந்து பேரில் ஐந்து பேர் அமாவாசை அன்று காலை படித்துறையில் நின்று, துணியைத் தண்ணீரில் விடாமல் இங்கே போடுங்கள் என்று ஒரு தொட்டியைக் காட்டி நயமாகச் சொன்னால், வெளியே இழுக்க வேண்டிய துணியே குறையும். அமாவாசை சனிக்கிழமை பார்த்து வருவதில்லை, அதுதான் சிக்கல். கம்பெனி ஒரு வேலைநாளில் விடுப்புக் கொடுக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

குளம் தூர்வாருவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சீமைக்கருவேலத்தைக் கையால் வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும், அது ஜேசிபி வேலை. தண்ணீரில் மிதக்கிற அமலைச் செடியை இழுத்துக் கரையிலேயே போட்டுவிட்டால் தண்ணீர் ஏறும்போது திரும்ப உள்ளே போய்விடும். நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள குளம் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமலே பஸ் பிடித்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். குளத்துக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் கொடுங்கள், சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றியிருக்கும்போது இயந்திரம் இறங்கும். ஆட்கள் வேண்டாம்.

பறவை கணக்கெடுப்பு இதற்கெல்லாம் நேர்மாறு. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. முன்னதாகப் பயிற்சி கொடுத்து, சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து குளம் குளமாக அனுப்புவார்கள். இதற்கு நாற்பது பேர் ஒரே பஸ்ஸில் போய் இறங்கினால் கணக்கெடுக்கப் பறவை இருக்காது. நான்கு பேர், இரண்டு பைக், ஒரு பைனாகுலர், வாயை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்கிற பொறுமை இருந்தால் போதும். கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் இருக்கிற மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர் அது. 2022இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபிறகு அங்கே குழுவாகப் போக வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். பேனரும் மைக்கும் இல்லாமல் வருவதாக இருந்தால் வாருங்கள் என்பேன்.

நான்கு பேர், ஆறு சனிக்கிழமை

சித்தி மகள் கேட்காத வழி இது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

எங்கள் டிரஸ்டில் கணக்கு பார்க்கும் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வவுச்சர்களைக் கம்பியில் குத்தி வைப்பார், ரசீதின் அடிக்கட்டைகளை பிஸ்கட் டின்னில் அடுக்கி வைப்பார். ஒரு பைசா பிசகாது. ஆனால் 2021-22 நிதியாண்டிலிருந்து, நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கிற 80ஜி பதிவு உள்ள அமைப்புகள் எல்லாம், யார் யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்று அவரவர் பான் எண்ணோடு 10பிடி படிவத்தில் மே 31க்குள் ஏற்ற வேண்டும் என்று வந்தது. தவறினால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஏப்ரல் வந்தாலே அக்காவுக்குத் தூக்கம் போய்விடும். ஐந்நூறு, ஆயிரம் கொடுத்த பெரியவர்களுக்கெல்லாம் போன் போட்டு பான் எண் கேட்க வேண்டும். அவர்கள் ஒரு எழுத்தை விட்டுவிட்டுச் சொல்வார்கள், அது கடைசி நாளில்தான் தெரியும்.

ஒரு வருடம் ஒரு கம்பெனியிலிருந்து கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பையனும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். முதல் சனிக்கிழமை அவன் கம்ப்யூட்டரையே தொடவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, "இது ஏன் ரெண்டு கலர்ல இருக்குக்கா? இதுல எதுக்கு வட்டம் போட்டிருக்கு?" என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டாவது வாரம்தான் ஒரு எக்ஸெல் தாள் போட்டான். அக்கா எந்த வரிசையில் ரசீது எழுதுவாரோ அதே வரிசை, எல்லாத் தலைப்பும் தமிழில். பான் எண் பத்து எழுத்துக்கு ஒன்று குறைந்தாலும் கூடினாலும் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். மூன்றாவது, நான்காவது வாரம் அவன் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அக்காவே எல்லாவற்றையும் ஏற்றினார். கடைசி இரண்டு சனிக்கிழமை பக்கத்து ஊர் டிரஸ்டுக்கு அக்காவையே கூட்டிப்போய் அங்கே சொல்லிக் கொடுக்க வைத்தான். அந்தத் தாள் இன்னும் ஓடுகிறது. சிவப்புக் கட்டம் வந்தால் அக்கா அன்றைக்கே போன் போட்டுவிடுவார்.

இதற்கு பஸ் வேண்டாம், பேனர் வேண்டாம், சாப்பாடு எங்கள் வீட்டிலேயே ஆனது. கம்பெனிப் பக்கத்தில் இதைக் காட்டிப் பெருமைப்படக் கஷ்டம் என்பது உண்மைதான். நாற்பது பேருக்கும் இப்படி வேலை கிடைக்காது என்பதும் உண்மை.

இந்த வழியிலும் சறுக்கல் உண்டு. பாய் நெய்யும் ஒரு பெண்கள் குழுவுக்கு ஒரு கம்பெனிக் குழு இணையத்தில் விற்பனைப் பக்கம் செய்து கொடுத்தது. படங்கள் அழகாக எடுத்தார்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, விலையும் நியாயமாக வைத்தார்கள். ஆர்டர் வந்தது. ஆனால் கோரையைக் கிழித்து, ஊறப்போட்டு, உலர்த்தி, நெய்து முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மெல்லிய பட்டுப்பாய் என்றால் ஒன்றுக்கே மாதக்கணக்கில் போகும். ஒரே நேரத்தில் முப்பது பாய் கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது? பக்கத்தை நிறுத்தி வைக்கலாம் என்றால் பாஸ்வேர்டு அந்தக் குழுவில் இருந்த ஒரு தம்பியின் மெயிலில். அவன் வேலை மாறி பெங்களூரு போய்விட்டான். அந்தப் பெண்கள் ஆறு மாதம் வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்கினார்கள். இப்போது நான் எந்தக் குழு வந்தாலும் முதல் நாளே கேட்பது இதுதான்: நீங்கள் போனபிறகு சாவி யாரிடம் இருக்கும்?

பயிற்சி முகாம் நடத்த வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்குதான். தட்டை இறக்கி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உங்கள் முன்னால் உட்கார்ந்தால் அன்றைய எண்ணிக்கையில் அது குறையும். பிசான நெல் நடவு நேரத்தில் வயல் வேலைக்குப் போகிற பெண்களுக்கும் அப்படித்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடான விஷயம் உங்களிடம் இருந்தால் மட்டும் கூட்டம் போடுங்கள்.

பிள்ளைகள் காத்திருப்பார்கள்

பள்ளிக்கூடத்துக்கு வாராவாரம் போய்ப் பாடம் சொல்லிக் கொடுப்பது எல்லோருக்கும் பிடித்த வேலை. பிடித்தது என்பதாலேயே ஆரம்பிப்பவர்கள் அதிகம், நிற்பவர்கள் குறைவு. நான்கு வாரம் போய்விட்டு ஐந்தாவது வாரம் ஷிப்ட் மாறியது என்று நின்றுவிட்டால், அந்த சனிக்கிழமை ஒரு பிள்ளை சீக்கிரமே குளித்துத் தலை சீவி, நோட்டோடு வாசலில் உட்கார்ந்திருக்கும். நான் பார்த்திருக்கிறேன். "அண்ணன் இன்னிக்கு வரமாட்டாகளா சார்?" என்று கேட்டால் என்ன சொல்ல? ஜூலையில் ஆரம்பித்து ஜனவரி வரை வர முடியும் என்று உறுதியாகச் சொல்கிற இரண்டு பேர் போதும். பத்துப் பேர் வேண்டாம். அந்த இரண்டு பேருக்குப் பதில் ஆளாக இன்னும் இரண்டு பேர் இருந்தால் மிக நல்லது.

பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது இன்னொன்று. ஒரு பள்ளியில் முதல் கம்பெனி வாய்ப்பாட்டை அழகாகச் சுவரில் எழுதிக் கொடுத்தது. எட்டு மாதத்தில் வேறொரு கம்பெனி வந்து அதன்மேல் சிங்கமும் யானையும் வரைந்துவிட்டுப் போனது. தலைமை ஆசிரியை இரண்டு தடவையும் நன்றி சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்: "சார், மோட்டார் ஓடி மூணு மாசமாச்சு. பிள்ளைங்க பக்கத்துத் தெருக் குழாயில தண்ணி பிடிச்சிட்டு வருது. யாராவது அதைப் பார்த்துத் தந்தா போதும்."

யார் மூலமாகப் போவது?

வேலை எது என்பதற்குச் சமமான முடிவு இது. நேரடியாக ஒரு அமைப்புக்கு போன் செய்வது ஒரு வழி. தெரிந்த பெயர்களுக்குத்தான் அந்த போன் போகும். ஆய்க்குடி அமர் சேவா சங்கம் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் ஆரம்பித்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் கட்டி எழுப்பிய இடத்தை ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பெரிய இடங்களுக்கு வருகிறவர்களை வரவேற்க ஆளும் ஒழுங்கும் உண்டு. தெருவுக்குள் இரண்டு அறையில் மாலை நேரப் பள்ளி நடத்துகிற சின்ன அமைப்பின் பெயர் உங்கள் கம்பெனிக்குத் தெரிய வழியில்லை.

சென்னை, பெங்களூரு இடைத்தரகு நிறுவனங்கள் மூலமாக வருவது இரண்டாவது. பணம் வாங்கிக்கொண்டு பஸ், பனியன், படம், அறிக்கை எல்லாம் செய்து தருவார்கள். பல ஊர்களில் ஆலை வைத்திருக்கிற பெரிய கம்பெனிக்கு அது வசதிதான். ஆனால் ராதாபுரத்தில் ஜூனில் காற்றடிக்கும் என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எல்லா ஊருக்கும் ஒரே தேதி, ஒரே வேலை. ஆட்சியர் அலுவலகம் மூலமாகப் போனால் அனுமதி விரைவாகக் கிடைக்கும், குளம், பள்ளி வேலைகளுக்கு அது நல்லது. அதிகாரி மாறினால் வேலை பாதியில் நிற்கிற ஆபத்தும் உண்டு.

எனக்குச் சரியாகப் படுவது நான்காவது வழி. உள்ளூரில் ஐந்தாறு அமைப்புகள் சேர்ந்து, தங்களுக்கு எந்த மாதம் என்ன வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது. கம்பெனி கேட்டால் அந்த நோட்டைக் காட்டுவது. எங்கள் பக்கம் இதை 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆரம்பித்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. உதவி செய்ய வண்டி வண்டியாக வந்தார்கள், அந்த மனசை நான் மறக்கமாட்டேன். ஆனால் சாலையோர ஊருக்கே மறுபடி மறுபடி பொருள் இறங்கியது, உள்ளே இருந்த ஊர்களுக்குப் போகவில்லை. பழந்துணி மலையாகக் குவிந்தது, நாப்கின் கிடைக்கவில்லை. அந்த வாரம் எங்களுக்கு அதிகம் உதவியது ஒரு கம்பெனியின் ஸ்டோர் பிரிவிலிருந்து வந்த ஆறு பேர். அவர்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து, வந்ததைப் பிரித்து, எண்ணி, எழுதி, எந்த ஊருக்கு எது போனது என்று கணக்கு வைத்தார்கள். தினமும் செய்கிற வேலையைத்தான் இங்கேயும் செய்தார்கள்.

பணம் பற்றி ஒன்று. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் கொடுக்கிற நேரத்துக்கு விலை போட்டு அந்த 2 சதவீதத்தில் சேர்க்கக் கூடாது என்று மத்திய அமைச்சகம் 2016 ஜனவரியிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. அதனால் நேரம் வேறு, பணம் வேறு. இரண்டையும் கேட்க எங்களுக்குக் கூச்சம் வேண்டியதில்லை. ஆள் அனுப்புகிற கம்பெனி வரவேற்கிற செலவையும் சேர்த்து அனுப்பட்டும். இந்தச் சமூகப் பணிப் பணத்தை, அதாவது சிஎஸ்ஆர் பணத்தை, வாங்குகிற அமைப்பு 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். சின்ன அமைப்புகள் பல இதைச் செய்யாமல் விட்டு, மார்ச் மாதம் கம்பெனி அவசரமாகப் பணம் கொடுக்க வரும்போது கையைப் பிசைகின்றன. அந்தப் பதிவைச் செய்து கொடுக்கக்கூட கணக்குத் தெரிந்த ஒரு வாலன்டியர் போதும்.

நாற்பதை எப்படிப் பிரித்தோம்

இரண்டு நாள் கழித்து நான் திரும்ப போன் செய்தபோது முதலில் கேட்டது, அந்த நாற்பது பேர் கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பட்டியலை எடுத்துப் படித்தாள். பதினோரு பேர் பராமரிப்புப் பிரிவு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஒரு வெல்டர். கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் ஆறு பேர். மீதி உற்பத்திப் பிரிவு.

"அண்ணே, ஃபிட்டரை எல்லாம் வச்சு மரம் நடச் சொன்னா நம்ம புத்தியை என்ன சொல்ல?" என்றாள் அவளே.

இப்படி முடிவு செய்தோம். இருபத்தாறு பேர் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை நாங்குநேரி பக்கம் ஒரு குளத்துக் கரையில் பனை விதை ஊன்ற வருகிறார்கள். ஊராட்சியில் பேசியாயிற்று, விதை பொறுக்க ஆள் சொல்லியாயிற்று. படம் கேட்கக் கூடாது என்று மேலே சொல்லி அவள் சம்மதமும் வாங்கிவிட்டாள். ஐந்து பேர் எங்கள் நோட்டில் இருக்கிற மூன்று அமைப்புகளின் கணக்கையும் பதிவையும் பார்க்க ஆறு சனிக்கிழமை வருகிறார்கள், அக்காதான் அவர்களுக்கு ஆசிரியர். நான்கு பேர் ஜனவரி கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுக்கிறார்கள். இரண்டு பேர் வாரம் ஒரு நாள் பாடம் சொல்லித்தர ஆசைப்பட்டார்கள். ஜனவரி வரை வாக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டதற்கு ஒருவர் முடியும் என்றார், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

மீதி மூன்று பேரும் பராமரிப்புப் பிரிவு. அவர்களுக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதில்லை, வருகிற சனிக்கிழமையே வரச் சொல்லியிருக்கிறேன். புதிய பஸ் ஸ்டாண்டில் ஏழரைக்குப் பாபநாசம் பஸ் ஏறினால் ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடலாம். தலைமை ஆசிரியை மோட்டார் அறைச் சாவியைச் சத்துணவு அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அந்த எலக்ட்ரீஷியன் தம்பி போனிலேயே, சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறதா, சத்தமே இல்லையா என்று கேட்டார். உறுமுகிறது, ஓடவில்லை என்றேன். அப்படியானால் கெப்பாசிட்டராக இருக்கலாம், எதற்கும் ஒன்று கையோடு வாங்கி வருகிறேன் என்றிருக்கிறார்.